வெள்ளையடிக்க முடியாத சிலந்திகள்

தீபத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் வெள்ளையடிக்கப் பொன்னியைத்தான் கூப்பிடுவார்கள். அரிசி மில் பாய்லரில் உமி தள்ளிய முருகையனின் பெண்டாட்டி. மில் சுவரை ஒட்டிக் குடித்தனம். புகைபோக்கிக் கரி சோற்றிலும் விழும். ஊர்ச் சுவர்களிலெல்லாம் வெளுத்த சிலந்திகள் என்றால் மில் சுவரில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கருப்பே பெருகிற்று. வெளுத்தது ஒன்று தலைகாட்டினால் குருவி கொத்திக்கொண்டு போவதைப் பொன்னி வாசலில் இருந்தே பார்ப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் முருகையன் இருமி இருமியே செத்தான். மாலையோடு வந்த மில் முதலாளி பலராமன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"பீடி குடிச்சா நெஞ்சு தாங்குமா? எத்தினியோ வாட்டி சொன்னேன்" என்றார்.

முருகையன் பீடியைத் தொட்டவனே இல்லை. பொன்னிக்கு அழுகை நின்றுபோயிற்று. அந்தப் பாய்லரை அணைக்காமல் சாகமாட்டேன் என்று அன்றைக்குக் கறுவிக்கொண்டாள்.

மறு வருஷம் மில் புகையைப் பற்றித் தெருக்காரர்கள் கொடுத்த மனுவுக்காக வேலூரிலிருந்து ஆபீசர் வருவதாகச் சேதி வந்தது. பலராமன் பாய்லரை நிறுத்தி, கரிச்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதற்குப் பொன்னியையே கூப்பிட்டார் பாருங்கள், கெட்ட காலம் என்பது அதுதான்.

வெள்ளையடிக்குமுன் ஒட்டடை அடித்துப் பூச்சிகளைக் கொல்வது வழக்கம். பொன்னி கொல்லவில்லை. சிலந்திகளைப் பானையில் சேர்த்துத் துணியால் வாயைக் கட்டினாள். ஆபீசர் வரும் நாளன்று காய்ந்த சுவரில் திரும்ப விட்டாள்.

ஆபீசர் விரலால் சுவரைத் தேய்த்தார். கரி இல்லை. ஆனால் வெள்ளைச் சுவரில் சிலந்திகள் கன்னங்கரேலென்று தெரிந்தன, குருவிகளுக்கு விருந்து.

"ஏன் எல்லாமே கருப்பா இருக்கு?"

"கரி ஒட்டியிருக்கும் சார்" என்றார் பலராமன்.

பொன்னி ஒன்றைப் பிடித்துத் தண்ணீரில் முக்கிக் காட்டினாள். கருப்பு போகவில்லை.

"பொறப்பே இப்பிடித்தாங்க. கரி செவுத்துல வெளுத்ததெல்லாம் குருவி தின்னுடுச்சி. கருத்தது பொழச்சி, குஞ்சும் கருப்பாவே வந்துச்சி. செவுத்துக்கு வெள்ளையடிக்கலாம், இதுங்களுக்கு அடிக்க முடியுங்களா?"

ஆபீசர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். புகைக்கு வழி செய்கிறவரை பாய்லர் எரியக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி! உம் புருஷன் பீடி குடிச்சி செத்தா நான் என்னாடி பண்றது?" என்று கத்தினார் பலராமன்.

பொன்னி சுண்ணாம்பு மட்டையைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இந்தப் பூச்சிங்களும் பீடி குடிச்சிதுங்களா, மொதலாளி?"