வரலாறும் அரசியலும் படித்த எங்கள் அண்ணன்

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று நம் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தம்பியாகிய நான் அறிந்த மட்டில் அவர்கள் வாழ்வை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கம்பத்துக்கு மேற்கே மலையடியில் உள்ள நம் ஊரில். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி எங்கள் ஊரில் வயது வந்த ஆண்கள் எல்லாரும் காவல் நிலையப் பதிவேட்டில் கைரேகை வைக்க வேண்டியிருந்த காலம். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் அந்தச் சட்டத்துக்கு இல்லை. வெளியூர் போகக் காவல் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் தந்தையாகிய ஐயா அவர்களும் சீட்டோடுதான் சந்தைக்குப் போய் வந்தார்கள்.

உத்தமபாளையத்திலும் மதுரையிலும் தேறிய அண்ணன், சென்னையில் வரலாறும் அரசியலும் சேர்ந்த ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார்கள். "வக்கீலுக்குப் படிக்கலாமேப்பா" என்று ஐயா கேட்டார்கள்.

"சட்டம் என்ன சொல்லுதுன்னு வக்கீலுக்குத் தெரியும். அது எப்படி வந்துச்சு, யாரக் கேட்டு வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்யா."

கடைசி ஆண்டுப் பரீட்சைக்கு முன் ஊருக்கு வந்தபோது, படிக்கிற பிள்ளை என்று அதுவரை விட்டிருந்த அண்ணனையும், புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் ரேகை வைக்கச் சொன்னார். வைத்தால்தான் சென்னைக்குச் சீட்டு.

"வச்சிட்டுப் போயி பரீச்சைய எழுதிருப்பா" என்றார்கள் ஐயா.

"பிரஜைக்கு என்ன உரிமைன்னு மூணு வருசமாப் படிச்சிருக்கேன். இங்கன ரேகைய வச்சிட்டு அங்கன போயி என்னத்த எழுத?"

அண்ணன் ரேகை வைக்கவில்லை. அந்த ஆண்டு பரீட்சை எழுதவும் இல்லை. தமக்கும் ஊராருக்கும் விலக்குக் கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுதினார்கள். பல மாதம் கழித்து, அண்ணனுக்கு மட்டும் விலக்கு என்று பதில் வந்தது. ஊராருக்கு இல்லாத விலக்குத் தமக்கு வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆத்தாதான் பேசினார்கள்.

"ஏலே, ஒங்கய்யா அன்னைக்கே போயி பரீச்சைய எழுதுன்னு சொன்னாகல்ல? ஒருத்தனாவது வெளிய போனாத்தான உள்ள கெடக்குறவுகளுக்காகப் பேச முடியும்? கெளம்பு."

மறு ஆண்டு பரீட்சை எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினார்கள். வந்த சர்க்கார் வேலையை மறுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய் அந்தச் சட்டத்தை எதிர்த்து மனு எழுதினார்கள்.

அண்ணனிடம் குறையும் இருந்தது. ரேகை வைத்தவர்களை இளக்காரமாகப் பேசுவார்கள். ஒருநாள் ஐயாவையே அப்படிப் பேசினார்கள். ஐயா எழுந்து வயலுக்குப் போனார்கள். அதன்பின் அண்ணன் யாரையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சட்டம் நீங்கும் முன்பே ஐயா காலமானார்கள்; பதிவேட்டில் அவர்கள் பெயர் கடைசிவரை இருந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் கண்டு, பதினோராம் நாள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்கள். கடைசி மூன்று நாள் நினைவு இல்லை.

படிப்பு நின்ற ஆண்டில் வகுப்புக் குறிப்புகளைத் தம் கைப்பட எழுதித் தபாலில் அனுப்பிய சென்னை அறைத்தோழருக்கும், மனுக்களைத் தட்டெழுத உதவிய கம்பம் ராவுத்தருக்கும், பதினோரு நாளும் வந்து பார்த்த மருத்துவருக்கும், துக்கத்துக்குப் பந்தல் போட்டது முதல் உடனிருந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. சட்டம் நீங்கிய ஆண்டில்தான் எனக்குப் பதினெட்டு வயது முடிந்தது. காவல் நிலையத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கல்லூரியில் சேர, காவல் நிலையச் சீட்டு இல்லாமலே, கம்பத்தில் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கம்பம் வரை அண்ணன் கூட வந்தார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர்கள், பஸ் கிளம்பியதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.