ஒரு சாண் நகர்ந்த நாற்காலி

பந்தலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை அவர். பழுதுபார்ப்பு நிதிக்காகக் கட்டடத்தைப் பார்வையிட வந்த பொறியாளரோடு, ஓவர்சியரான நானும் போயிருந்தேன். நல்ல மழை. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்த தலைமையாசிரியை, பேச்சை நிறுத்தாமல், மேலேயும் பார்க்காமல், நாற்காலியோடு ஒரு சாண் நகர்ந்தார். அவர் இருந்த இடத்தில் சொட்டு விழுந்தது.

நாங்கள் வருகிறோம் என்றால் மற்ற பள்ளிகளில் முந்தின நாளே வெள்ளையடித்து, கோலம் போட்டு வைத்திருப்பார்கள். இங்கே சுவரெல்லாம் பாசி, வகுப்புக்கு வகுப்பு வாளி.

பொறியாளருக்கு முகம் சுருங்கியது. "ஆபீசர் வர்றோம்னு தெரியுமில்ல டீச்சர், ஒரு வெள்ளையாவது அடிச்சிருக்கலாமே" என்றார்.

"போன தடவை அடிச்சு வெச்சோமுங்க சார். நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதீட்டுப் போயிட்டாங்க. அதான் இந்தத் தடவை அடிக்கலீங்க" என்றார் அவர், டீயை நீட்டியபடி.

அந்த ஆண்டே நிதி வந்தது. பழைய ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம், கழிப்பறையும் கட்டினோம்.

அடுத்த ஆடியில், கொட்டும் மழையில், அந்த வழியாகப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். உட்காரச் சொன்னார். பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், பாதிப் பேச்சில், நாற்காலியோடு ஒரு சாண் நகர்ந்தார்.

எதுவும் விழவில்லை. அந்தக் கூரை போடும்போது கூடவே நின்றவன் நான். இருந்தாலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.