அக்காவுக்கு வரும் முதல் தட்டு

எங்கள் தெருவில் யாருடைய வேண்டுதல் பலித்தாலும் முதல் தட்டு என் அக்காவுக்குத்தான் வரும். மகனுக்கு வேலை கிடைத்தால் சர்க்கரைப் பொங்கல், மகளுக்கு வரன் அமைந்தால் கேசரி, போர்வெல்லில் தண்ணீர் வந்தால் அதிரசம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள், சூதுவாது தெரியாதவள், அவள் வயிறு குளிர்ந்தால் சாமியே குளிர்ந்த மாதிரி என்று குரும்பலூரில் எங்கள் தெருக்காரர்கள் எப்போது முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா இறந்தபின் அக்காவை நான் இங்கே அழைத்து வந்த புதிதில் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஒருநாள் ஒரு தட்டு வந்தது. அதன்பின் நிற்கவில்லை. கதவைச் சாத்தியவர்களே தட்டை நீட்டியதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அக்காவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது நோய் வந்தது. காதில் கேட்ட குரல்களை மாத்திரையும் மாதாந்திர ஊசியும் அடக்கின. கூடவே உடம்பைப் பெருக்கின. ஓடிப்போய் பஸ் பிடித்தவள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். காலில் எரிச்சல் என்றாள்.

"மொளகாப் பொடி தூவுன மாதிரி இருக்குடி."

மாதாமாதம் ஊசி போடும் இடத்தில் சொன்னோம். பொது டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். பொது டாக்டரிடம் போனோம். ஊசி போடுகிற இடத்திலேயே கேளுங்கள் என்றார்கள். வீடு வீடாக வந்து சுகர், பிரஷர் பார்க்கிற பெண்ணும் என் மாமியாருக்குப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்க்காமலே எழுந்தார். "அவங்கதான் ஏற்கெனவே பெரிய ஆஸ்பத்திரில பாக்குறாங்களே" என்றார். தலைக்கு வைத்தியம் நடந்தால் மற்ற உடம்புக்கும் சேர்த்து நடக்கிறது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் நாலு வயது மகள்தான் பார்த்தாள். "பெரிம்மா கால்ல செவப்பு" என்றாள். பாதத்தின் அடியில் தகரத் துண்டு ஏறியிருந்தது. தரையெல்லாம் ரத்தத் தடம். அக்கா அதில் நடந்துகொண்டே பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வலிக்கவே இல்லை என்றாள்.

செருப்பு எங்கே என்று கேட்டேன்.

"சாமி சாப்பாடு வாங்குற ஆளு. செருப்புக் காலோட வாங்கலாமா?"

பெரம்பலூரில் ஒரு இளம் பெண் டாக்டர் சுகரைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சுகர் ஏறிக் கால் மரத்துவிட்டது, மனநோய் மாத்திரையும் ஒரு காரணம் என்றார். அந்த மாத்திரையால்தான் இப்படி என்றால் நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். சில மாத்திரைகள் உடம்பைக் கூட்டும், சுகரைக் கொண்டுவரும், அதற்கு மனநல டாக்டரோடு தான் பேசுவதாகவும், சாப்பாடும் நடையும் எங்கள் கையில் இருப்பதாகவும் சொன்னார். புண் ஆறும்வரை ஓய்வு. ஆறிய பிறகு செருப்போடு நடை. இனிப்பு, சர்க்கரை போட்ட டீ எதுவும் வேண்டாம்.

"இந்தப் புண்ணு ஆறிடும்மா. அடுத்த புண்ணும் ஆறும்னு என்னால சொல்ல முடியாது. வெரல எடுக்குற மாதிரி ஆயிடலாம். சில பேருக்குக் காலையே."

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி வாங்கித்தரச் சொன்னாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புண் ஆறியது. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கிற என் கணவர், அரியலூரில் விசாரித்து சுகர்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிவந்தார். நானும் அக்காவும் நடக்கத் தொடங்கலாம் என்று நினைத்திருந்த வெள்ளிக்கிழமை, எதிர் வீட்டுச் சித்தி நெய் மிதக்கும் பொங்கலோடு வந்து நின்றார். அவர் மகன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். முடிவு நல்லபடியாக வரவேண்டும் என்று முன்கூட்டியே வேண்டுதல்.

"வேணாம் சித்தி. அக்காவுக்குச் சுகர்" என்றேன்.

"சாமிக்கு வெச்சத வேணாங்குறியா? ஒரு நாள்தானேம்மா."

"தெருவுல எல்லாரும் ஒரு நாள்தான் சித்தி தராங்க. அவளுக்குத் தெனமும் ஆயிடுது."

"அதுவே பாவம், வாய்க்கு ருசியா இத வுட்டா அதுக்கு என்ன இருக்கு? படிச்ச பொண்ணு இப்பிடிப் பேசுற."

அக்காவை அது, இது என்பார்கள். அந்தச் சொற்கள் முன்பும் காதில் விழுந்திருக்கின்றன. அன்று பொறுக்க முடியவில்லை.

"உங்க வேண்டுதலுக்கு எங்க அக்கா கால என்னால குடுக்க முடியாது. புண்ணியம் வேணும்னா அவகூட நடங்க. மெயின் ரோடு வரைக்கும் போயிட்டு வாங்க. எந்தச் சாமி வேணாங்கும்?"

சித்தி தட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சமையலறையிலிருந்து மாமியார் வந்தார். "இந்தத் தெருவு அவள ஒத்துக்கிட்டதே அந்தத் தட்டாலதான். அதத் தள்ளிவுட்டுட்ட. நாளைக்கு நம்ம வாசல எவ மிதிப்பா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் என்னைத் தின்றது. கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டால் என் மகள் யாரோடு விளையாடுவாள்? பேசியிருக்க வேண்டாமோ? கொஞ்சம் வாங்கிக்கொண்டு மறைவாகக் கொட்டியிருக்கலாமோ? ஆனால் அக்காவின் பாதத்தில் தகரம் ஏறிய தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைத் திரும்பவும் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

தட்டுகள் நின்றன. பேச்சும் நின்றது. நாங்கள் மூவரும் காலையில் நடந்தோம், மகள் பாதி வழி என் இடுப்பில். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன, குடும்பத்தோட ஒலிம்பிக்குக்கா?"

"ஆமாண்ணே. நீங்களும் வாங்க, தொப்ப கொறையும்" என்பாள் அக்கா.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. அது எனக்குப் புதிதாக இருந்தது. மறுநாள் அவர் சர்க்கரை போடாத டீயை அவளிடம் நீட்டி, "இதக் குடிக்கிறதுக்கு வெந்நி குடிக்கலாம்" என்றார். அக்கா குடித்துவிட்டு ஆமாம் என்றாள்.

ஒருநாள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"அவங்க திங்கச் சொன்னாங்க, தின்னேன். நீ நடக்கச் சொல்ற, நடக்குறேன். எனக்கு என்னா வேணும்னு எவளாவது கேட்டீங்களா?"

தெருவை எதிர்த்து நின்றதாக நினைத்திருந்த நானும் அதே தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன வேணும், சொல்லு."

யோசித்தாள். "கால் வேணும். நடக்குறேன். டீ கசந்தாலும் பரவால்ல. ஆனா பொங்கல் வந்தா ஒரு வாய் வேணும். ஒரே ஒரு வாய். அதுக்கும் நீ சண்டைக்கு வரக் கூடாது."

அடுத்த முறை டாக்டரிடம் அவளே அதைக் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டு, ஒரு வாய் என்றால் ஒரு வாய்தான் என்றார்.

அதுவரைக்கும் சித்தியின் மகனுக்குப் பரீட்சை முடிவு வரவில்லை. வேண்டுதலைப் பாதியில் விட்டதால்தான் என்று சித்தி நினைத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, மஞ்சள் பூசி, வெறுங்காலோடு எங்கள் வாசலில் நின்றார்.

"நடக்குறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். கெளம்புங்க."

அவர் காலைப் பார்த்ததும் அக்கா தன் செருப்பைக் கழற்றினாள். வேண்டுதல் நடை வெறுங்காலில்தானே. நான் கேட்டு வரவழைத்த புண்ணியமே அவள் காலில் முள்ளாக ஏறப் போகிறது.

"போடுக்கா அத."

"சித்தி போடலியே. சாமி காரியம்."

"சித்தி, நீங்க செருப்புப் போட்டாத்தான் அவ போடுவா" என்றேன்.

"செருப்புக் காலோட வேண்டுதலா? சாமி குத்தம் ஆயிடாது?"

"அவ கால் போனா யாரு குத்தம்?"

சித்தி நின்றார். எதிரே தன் வாசலைப் பார்த்தார், என் அக்காவின் காலைப் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி சாலையைக் கடந்துபோய், ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "எங்க ஆத்தாளுக்கே இது புதுசு" என்றார். அக்கா தன் செருப்பைப் போட்டாள். வழியெல்லாம் சித்தி மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தார். அக்கா அக்கறையாகக் கேட்டு, "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சித்தி" என்று தீர்ப்பும் சொன்னாள்.

இப்போது காலையில் நாலைந்து பெண்கள் வருகிறார்கள். வேண்டுதலுக்கு வருகிறவர்களும் உண்டு, மூட்டுவலிக்கு வருகிறவர்களும் உண்டு. வீடு வீடாகச் சுகர் பார்க்க வருகிற பெண்ணை வாசலில் மறித்து, அக்காவைக் காட்டி, "எங்க பெரிய பொண்ணுக்கும் பாத்துட்டுப் போ" என்று உட்காரவைத்தது என் மாமியார். எல்லாரும் மாறிவிடவில்லை. சாமி தட்டைத் திருப்பியவள் என்று என்னைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். சுகர் இறங்கியிருக்கிறது, ஆனால் ஏறாது என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. தினமும் சாயங்காலம் அக்கா பாதத்தை நீட்டுகிறாள். மகள் குனிந்து பார்த்து, "செவப்பு இல்ல" என்கிறாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும்.

போன வாரம் பின் தெருவிலிருந்து ஒரு பெண் கேசரித் தட்டோடு வந்தார். பேரன் பிறந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்துவிட்டார்.

"தட்ட எடுத்துட்டுப் போம்மா. காலையில வா. செருப்புப் போட்டுக்கிட்டு வா."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அத்தை, ஒரு வாய் வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் ஸ்பூன் எடுத்துவரப் போனேன்.