அந்த வருஷம் எங்கள் கோலி

ஒவ்வொரு வருஷமும் காலேஜ் திறந்த கொஞ்ச நாளில் எங்கள் பி.டி. சார் மைதானத்துக்கு நடுவில் நின்று, "இந்த வருஷம் நாமதாண்டா ஃபைனல்" என்று சொல்வார். யாரும் நம்ப மாட்டோம். முதல் மேட்ச்சில் தோற்று, சாயங்கால பஸ்ஸிலேயே ஊர் திரும்பிப் பழகிய டீம் எங்களுடையது. ஆனால் நான் கடைசி வருஷம் படித்தபோது அவர் அதைச் சொல்லவில்லை. கோல் போஸ்ட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அப்போதுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. வாய்விட்டுச் சொன்னால் கெட்டுவிடுமோ என்று அவரே பயப்படுகிற மாதிரி ஒரு கோல் கீப்பர், எங்கள் பேச்சில் கோலி, எங்களுக்குக் கிடைத்திருந்தான்.

முத்துப்பேட்டை போகிற ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, இரண்டு வாய்க்கால் தாண்டி நடக்க வேண்டிய ஊர் அவனுக்கு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பண்ணை வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். ஆட்சி மாறி, எங்களைப் போன்றவர்களுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டாம் என்று ஆனதால் வந்து சேர்ந்த பையன்களில் அவனும் ஒருவன், நானும் ஒருவன். காலேஜுக்கு வரும்வரை அவன் ஃபுட்பாலைத் தொட்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து நாளிலேயே வைக்கோல் போர் மேல் நின்று கட்டு வாங்குகிற வேலை அவனுடையது. கீழேயிருந்து நாலு பேர் மாற்றி மாற்றி வீசுவார்கள். மேலே சரிகிற வைக்கோலில் நின்றுகொண்டு ஒன்றையும் கீழே விடாமல் பிடித்து அடுக்க வேண்டும். விட்டால் திட்டு விழும், சில சமயம் ஆளே விழுவான். "பந்து எவ்வளவோ தேவலை மாப்ள, கண்ணுல தூசி விழல" என்பான்.

நான் ஃபுல் பேக். ஃபுல் பேக்குக்குத் தன் கோலியின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். எதிராளி பந்தோடு வரும்போது பின்னாலிருந்து, "விடுறா, நான் பாத்துக்கறேன்" என்று அவன் குரல் வரும். நான் விலகிவிடுவேன். விலகின பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டி வந்ததில்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் படிப்பு. காலேஜில் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறவன். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் மட்டும்தான் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது.

மார்கழியில் ரிசர்வ் போலீஸ் வந்து எங்கள் மைதானத்தில் கூடாரம் அடித்தது. கிழக்கே அறுப்புக் கூலித் தகராறு. கூலியாட்கள் கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்று சொல்லி, வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் போவதாகப் பேச்சு. ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்தது. இதெல்லாம் பேப்பரில் படித்த விஷயமாகத்தான் எங்கள் ஹாஸ்டலில் இருந்தது, மைதானத்தில் லாரி வந்து நிற்கும்வரை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கூடாரத்தைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் மாதிரி காடி வெட்டினார்கள். ஒரு காடி கோல் ஏரியாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. கோல் போஸ்ட்டின் குறுக்குச் சட்டத்தில் காக்கி டிரவுசர்கள் காய்ந்தன.

பி.டி. சார் பிரின்சிபாலிடம் போய், "சார், என் போஸ்ட்டுல ஊர்ப்பட்ட டிரவுசர் தொங்குது" என்றார். "கவர்மெண்ட் டிரவுசர்யா, நான் என்ன பண்ண முடியும்" என்றாராம் பிரின்சிபால்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஏட்டு பனியனோடு வந்து, "நாங்களும் ஆடலாமா தம்பி?" என்று கேட்டார். கட்டை குட்டையான ஆள், வலது காலில் அப்படி ஒரு உதை. அவர்கள் ஆளுக்கு ஆள் முரட்டுத்தனமாக ஆடினாலும் ஆட்டம் தெரிந்தவர்கள். எங்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது. சட்டத்திலிருந்து டிரவுசர்களை எடுத்துவிட்டு, தினமும் இருட்டும்வரை ஆடினோம். ஏட்டு எங்கிருந்து அடித்தாலும் பந்து எங்கள் கோலியின் கைக்குள் போய் உட்கார்ந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "டேய் கோலி, நீ என்ன கையில பசை தடவியிருக்கியா?" என்றார்.

அன்றைக்கே அவனைத் தனியே கூப்பிட்டு நிறுத்தி, கோல் போஸ்ட்டில் முதுகை ஒட்ட வைத்து உயரம் பார்த்தார். தன் துண்டை அவன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, "மூச்சை இழு. இன்னும் இழு. நெஞ்சு விரியணும்டா, அதுலதான் பாதிப் பேரு அடிபடறான்" என்றார். எங்க டீமுக்குக் கோலி இல்லை, ஜோன் மேட்ச்சில் நீ நல்லா நின்றால் மாசியில் வருகிற போலீஸ் செலக்‌ஷனுக்கு இன்ஸ்பெக்டரிடம் நானே சொல்கிறேன் என்றார். அவன் ஹாஸ்டலுக்கு வந்து, டிரங்குப் பெட்டி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து நெஞ்சில் சுற்றிக்கொண்டு, "இழுத்திருக்கேனா பாரு" என்றான். அதிலிருந்து தினமும் காலையில் கயிறும் மூச்சும்தான். பக்கத்து அறைப் பையன்கள், "பிரசவம் எப்படா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் டீமின் வாய்ப்பும் அவன் வாய்ப்பும் அப்போது ஒன்றாகிவிட்டன. சுற்று வட்டாரக் காலேஜ்கள் மோதுகிற ஜோன் மேட்ச் தஞ்சாவூரில், பொங்கல் கழிந்த வாரம். அதில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் அவனுக்கு உத்தியோகம். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது, கப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தான். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"போலீசுங்கறவன் நம்ம தெருவுக்கு அடிக்க வர்றவன்டா, நீ போலீசானா யாரப் போயி அடிப்பேன்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"நான் கோலி போலீஸும்மா, தடுக்கறதுதான் வேலைன்னேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "அது சிரிக்கல."

பொங்கல் முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. மேட்ச்சுக்கு முதல் நாள் காலை வரை பார்த்துவிட்டு, பி.டி. சார் என் கையில் பஸ் காசைக் கொடுத்து, "நீ போயி கையோட கூட்டிட்டு வா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா நான் டாக்டர அனுப்பறேன்னு சொல்லு" என்றார். அவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. எனக்கு அறுப்புத் தகராறுதான் தோன்றியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றிருந்தான். தெருவில் ஆள் இல்லை. அறுப்பு நடக்கவில்லை, வெளியாட்கள் இன்றைக்கு வரப்போகிறார்கள், பொம்பளைகளெல்லாம் பண்ணை வயலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். மூன்று நாளாக அம்மாவோடு சண்டை போலிருக்கிறது. "நான் போறேன்னேன். போன்னுது. அப்படி ஒரு போ. சோறு மட்டும் கட்டி வச்சிருக்கு."

ரோட்டைப் பார்த்து நடந்தோம். இரண்டாவது வாய்க்கால் மதகு வரும்போது எதிரே இரண்டு போலீஸ் வண்டி போனது. பின்னாலேயே ஒரு டிராக்டரில் அரிவாளோடு வெளியாட்கள். அவன் மதகின் மேல் நின்றுவிட்டான்.

"மாப்ள, பஸ் வந்துடும்" என்றேன்.

"இந்தப் பைய பிடி. அது எங்க உக்காந்திருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

நான் பையோடு பின்னாலேயே ஓடினேன். விளைந்து சாய்ந்த கதிருக்குள் பெண்கள் உட்கார்ந்திருந்ததால் தூரத்திலிருந்து தலைகள் மட்டும் தெரிந்தன. அடிதடி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்து வரப்பு வழியாகக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார்கள். கதிர் மிதிபட்டு நெல் சேற்றில் கொட்டியது. எந்த அரைப்படிக்காகத் தகராறோ அதைவிட அதிகம் அங்கே காலடியில் கிடந்தது.

அவன் அம்மாவை ஏற்றுகிற நேரத்துக்கு நாங்கள் வண்டிக்குப் பக்கத்தில் போய்விட்டோம். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது எங்கள் ஏட்டுதான். தொப்பியோடு பார்த்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டேய் கோலி, நீ எங்கடா இங்க?"

"எங்க ஊரு சார்."

ஏட்டு பின்னால் இருந்த அதிகாரியிடம் திரும்பி, "காலேஜ் பையன் சார், எனக்குத் தெரிஞ்சவன், இதுல சம்பந்தமில்ல" என்றார். போகச் சொல் என்று அதிகாரி கையை ஆட்டினார்.

"போடா. ஓடு. மேட்ச் நாளைக்கில்ல?"

"எங்கம்மாவையும் விடுங்க சார்."

"அது எப்படிப்பா முடியும்?" குரலைத் தணித்துக்கொண்டார். "சொல்றதக் கேளு. கேஸ்ல பேரு ஏறிடுச்சுன்னா செலக்‌ஷன் அவ்வளவுதான். யாரு சொன்னாலும் நடக்காது. போயிடு."

உள்ளேயிருந்து அவன் அம்மாவும், "போடா. வண்டி போயிடும், போ" என்றாள். அவள் சொன்ன வண்டி தஞ்சாவூர் பஸ். அவள் முழங்கையில் நெல் தாள் கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அவன் மூச்சை இழுத்தான். கயிறு கட்டிப் பழகிய அதே மூச்சு, நெஞ்சு விரிந்து அப்படியே நின்றது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "விடுறா, நான் பாத்துக்கறேன்" என்றான். ஏட்டின் கைக்கு அடியில் குனிந்து வண்டியில் ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தலையில் அடித்தாள். "இறங்குடா பாவி, இறங்கு" என்று அடித்துக்கொண்டே இருந்தாள். கதவைச் சாத்தின பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

மறுநாள் கோலியாக நான் நின்றேன். வேறு ஆள் இல்லை. எனக்கு முன்னால் நின்ற பையன்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், வாய் வரவில்லை. இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்த மாதிரிதான். பி.டி. சார் திட்டவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து விசில் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

கூடாரம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் இருந்தது. பி.டி. சார் ஏட்டிடம் போய், அவன் பேரை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டாராம். "ஏத்தினவனை எண்ணித்தான் சார் இறக்கணும். ஏத்தாம இருக்க என்னாலானதப் பாத்தேன்" என்றாராம் அவர்.

ஜாமீனில் வந்த அவன் ஒரு சாயங்காலம் ஹாஸ்டலைக் காலி செய்து பெட்டியை எடுத்துக்கொண்டு போக வந்தான். மைதானத்தில் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் அவனும் ஓரமாக நடந்துபோகும்போது பந்து ஒன்று உயரமாக எங்களை நோக்கி வந்தது. வேண்டுமென்று அடித்ததா, தப்பி வந்ததா தெரியாது. அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்துப் பிடித்தான். பிடித்த பிறகுதான் தான் பிடித்திருப்பது அவனுக்குத் தெரிந்தது போல இருந்தது. ஏட்டு அந்தக் கோடியில் நின்றுகொண்டு, உதை என்று காலைக் காட்டினார். இவன் உதைக்கவில்லை. மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், பந்தை அவர் கையிலேயே கொடுத்தான்.

"செலக்‌ஷன் என்னைக்கு சார்?"

"கேஸ் முடியட்டும்பா."

"எப்ப முடியும்?"

ஏட்டு பந்தில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்தார். "அது கோர்ட்டு விஷயம்."

அவன் தலையாட்டிவிட்டு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டான். கயிறு இல்லாததால் மூடி திறந்து திறந்து கொண்டது. நான் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

கேஸ் இன்னும் நடக்கிறது. எனக்கு மன்னார்குடிப் பக்கம் வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. வாய்தா நாளில் முடிந்தால் கோர்ட்டுக்குப் போவேன். போன தடவை வேப்பமரத்தடியில் அம்மாவும் அவனும் உட்கார்ந்திருந்தார்கள். கூலி அரைப்படி ஏறிவிட்டது, ஆனால் கேஸில் இருக்கிறவர்களைப் பண்ணையில் கூப்பிடுவதில்லை என்றாள். எட்டு மைல் தள்ளி வேறு ஊரில் வைக்கோல் போர் போடப் போகிறானாம். போலீசுக்கு வயது வரம்பு இந்த ஆவணியோடு அவனுக்கு முடிகிறது.

"காலேஜ்ல டீம் எப்படி இந்த வருஷம்?" என்றான்.

"சார் ஃபைனல்னு சொல்லிட்டாராம்."

"சொல்லிட்டாரா? அப்ப முதல் மேட்ச்தான்." சிரித்தான். "கோலி யாரு?"

"ஒரு பையன். நல்ல உயரம். மேல வர்ற பந்தெல்லாம் விட்டுடறானாம்."

"கண்ணை மூடுவான். பந்து கிட்ட வரும்போது மூடுவான், பாரு. மூடாதேன்னு சொல்லு."

உள்ளேயிருந்து டவாலி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தான். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் பின்னால் படியேறினான். கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லோரும் வரிசையாகக் கை கட்டி நின்றார்கள், அவனும் கட்டி நின்றான். ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த தேதி சொன்னார்.