ரமாபாயின் ஆம்னிக்கு வேறு என்ஜின்

சீட்டைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, குனிந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவுகிறார் ரமாபாய். இடுப்பில் செருகியிருக்கும் பனியன் துணியால் ஒரு துடைப்பு. மறுபடி உள்ளே விட்டு ஓர் உருவல். நுனியில் ஒட்டியிருக்கும் ஆயிலை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், "இன்னிக்கு ஷோக்கா கீறியே" என்கிறார். வண்டியிடம்தான் சொல்கிறார். ஆம்னி வேனில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். "அதும் மேலயே குந்திகினு ஊரெல்லாம் சுத்தறேன். ஒரு வார்த்த பேசாம இருந்தா அது இன்னா நெனைக்கும்?" என்பார், யாராவது சிரித்தால்.

சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, பொத்தான் போடாமல். காதுக்குப் பின்னால் ஒரு பேனா. அது எழுதி யாரும் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்கு எதிரே நீலக் கண்ணாடியில் செய்த சின்ன புத்தர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கில் அவர் வீடு மூன்றாவது மாடியில். வண்டி கீழே முருங்கை மரத்தடியில். பால்கனியிலிருந்து பார்த்தால் அதன் கூரை தெரியும். காலையில் பல் துலக்கிக்கொண்டே அதை எட்டிப் பார்ப்பார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வழிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு சலாம் வைப்பார். வழிவிடாவிட்டாலும் சலாம் உண்டு. விரல்களின் அமைப்பு மட்டும் கொஞ்சம் மாறும்.

அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் ஐந்து பெண்கள். எல்லாரும் எண்ணூர்ப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் வேலை செய்கிறவர்கள். காலையில் வியாசர்பாடியில் ஏற்றிக்கொண்டுபோய் கம்பெனி வாசலில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மாலையில்தான் சிக்கல். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இறால் வாசனை விரலை விட்டுப் போகாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் தூரத்திலேயே மாட்டோம் என்று தலையாட்டிவிடுவார்கள். ரமாபாய் அந்த ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுக்கொள்வார். "எனுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெர்ல. எண்ணூர் காத்தவிட இது தேவல" என்பது அவர் கட்சி.

அந்த வண்டி வாங்கியபோதே பழசு. கிலோமீட்டர் காட்டும் எண்கள் கடைசி வரைக்கும் ஓடித் தீர்ந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியதை ரமாபாயே கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றைக்கு எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். போன வருஷத்திலிருந்து என்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. மேம்பாலம் ஏறும்போது உள்ளே யாரோ பாத்திரம் தேய்ப்பது போல ஒரு சத்தம். ஏற்றத்தில் பெண்கள் தாங்களாகவே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், பேச்சின் பாரத்தையாவது குறைக்கலாமே என்பதுபோல.

ஒரு மாலை, திருவொற்றியூர் தேரடி தாண்டியதும், சீட்டுக்கு அடியில் 'மடார்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு கிளிக், அதோடு சரி. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஐந்து பெண்களும் இறங்கி, சேலையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியைத் தள்ளினார்கள். அவர்களில் மூத்தவர் பட்டம்மாள். ஹாரன் அடித்த லாரிக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அவசரமா கீதா? வா நைனா, நீயும் ஒரு கை போடு" என்றார். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து நிஜமாகவே தள்ளினார்.

தண்டையார்பேட்டையில் ஜீஷானின் மெக்கானிக் ஷெட். ரமாபாயின் வண்டிக்கு நெடுநாள் வைத்தியர் அவர்தான். அடியில் படுத்து, திறந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"யக்கா, கிராங்க்கு புடிச்சிகிச்சு. ஏற்கெனவே ரெண்டு தபா போர் போட்டாச்சு. இதுக்கு மேல செதுக்கறதுக்கு அது ஒடம்புல கறி இல்ல."

"அப்போ?"

"வேற ஆம்னி என்ஜின் நல்லதா ஒண்ணு கெடச்சா தூக்கி வெச்சிடலாம். கெடைக்கலன்னா காயலான் கடதான்."

ரமாபாயின் கணவர் லோகநாதன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். அன்று இரண்டு பேரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னாமே, இதுக்குப் போயி மொகத்த தொங்கப்போட்டுகினு கீற. இத்த தள்ளி உட்டுட்டு புதுசா ஒண்ணு எடுப்போம்" என்றார்.

ரமாபாய் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "புதுசு எடுத்தா சீட்டுக்கு கவர் போடுவேன். சென்ட்டு பாட்டில் மாட்டுவேன். அப்பால ஒரு நாளு, இறா வாசன வருதுடீன்னு நானே மூக்க மூடிக்குவேன். எனுக்கு அதாங்க பயமா கீது."

லோகநாதன் அதற்கப்புறம் புது வண்டிப் பேச்சை எடுக்கவில்லை.

பெண்கள் பஸ்ஸில் போனார்கள். திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். "நல்லதுதான், காலு நீட்டிகினு வந்தோம்" என்று பட்டம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவர்களில் இளையவளான மகிழினி அன்று முதல் பஸ்ஸில் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வருகிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு ரமாபாய்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜீஷானும் அவரும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கிடைத்த என்ஜினெல்லாம் அவருடையதைப் போலவே களைத்தது.

வழி காட்டியதும் பட்டம்மாள்தான். காத்திவாக்கத்தில் ஒரு மளிகைக் கடை. அதன் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு ஆம்னி நிற்கிறது, புயலில் வேப்பமரம் விழுந்து கூரை அப்பளமாகிவிட்டது என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கடைக்காரர் சாலமோன், தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர். ரமாபாய் போனபோது அவர் அந்த நசுங்கிய வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை மடித்தார்.

"விக்கதுக்கு இல்லம்மா. கடைச் சாமானுக்கு லோடு வண்டி இருக்கு. இது ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறதுக்குன்னே வச்சிருந்தது. போவும், வரும், அவ்வளவுதான். என் மவ கல்யாணத்துக்கும் இதுலதான் கூட்டிட்டுப் போனேன்."

அவர் சொல்லச் சொல்ல ரமாபாய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய என்ஜின்.

"அண்ணே, உங்க வண்டிக்கு உயிரு கீது, ஒடம்பு இல்ல. என் வண்டிக்கு ஒடம்பு கீது, உயிரு இல்ல. ரெண்டும் தனித்தனியா நின்னுகினு இன்னா பண்ணப் போவுது?"

சாலமோன் மடித்த துணியை மறுபடி விரித்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். கடைக்குள்ளிருந்து அவர் மனைவி ஜெஸ்லின் குரல் கொடுத்தார். "குடுத்துருங்களேன். கூர இல்லாத வண்டிக்குக் கண்ணாடி தொடைக்கீங்க தெனமும். பூன பிள்ள பெத்துக்கிடதுக்கா வச்சிருக்கோம்?"

பூனை என்றதும் சாலமோன் முகம் தெளிந்தது. தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. ரமாபாயைக் கூட்டிப்போய்க் காட்டினார். டிரைவர் சீட்டில், சரியாக என்ஜினுக்கு மேலே, ஒரு சாம்பல் நிறப் பூனை. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கண் திறக்காத குட்டிகள். "இதுகள எப்படிம்மா எழுப்பச் சொல்லுதீங்க?"

"சேச்சே, புள்ள பெத்தவள யாராச்சும் எழுப்புவாங்களா? குந்தட்டும். அது எப்போ எயிந்து போவுதோ அப்போ வர்றேன்" என்றார் ரமாபாய். சொல்லிவிட்டாரே தவிர, அவரால் வராமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் பஸ் ஏறி வந்துவிடுவார். கையில் ஒரு பொட்டலம். பெண்கள் கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய இறால் தலைகள். பூனை ரமாபாயின் செருப்புச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டது. ஜெஸ்லின் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். சாலமோன் மெல்ல மெல்ல வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்: இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், மழைக்காலத்தில் அதட்டக்கூடாது, பொறுமையாக இருக்க வேண்டும். விற்கமாட்டேன் என்று அப்புறம் அவர் சொல்லவேயில்லை.

ஒருநாள் காலை ஜெஸ்லின் போன் செய்தார். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் குடியேறிவிட்டது.

ஜீஷான் பேட்டரியோடு வந்தார். கூரை அமுங்கியிருந்ததால் டிரைவர் சீட்டில் அவரால் நுழைய முடியவில்லை. ரமாபாய் ஒல்லி. ஜன்னல் வழியாகத் தலையையும் ஒரு கையையும் விட்டு, சாவியைத் திருப்பினார். முதலில் ஓர் இருமல். இரண்டாவது திருப்பலில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சன்னமாக, ஒரே சீராக, தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஜன்னலில் பாதி உடம்பு தொங்கியபடியே ரமாபாய் சிரித்தார். "ஜீஷானு, கேளுடா, பாத்திரம் தேய்க்கிற சத்தம் இல்லடா." சாலமோன் விறுவிறுவென்று கடைக்குள் போய், யாரும் கேட்காத துவரம்பருப்பை எடுத்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் மாற்றிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பெண்களுக்கும் லீவு. எல்லாரும் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள், கல்யாண வீட்டுக்கு வருவதுபோல, தலையில் பூவோடு. பழைய என்ஜின் சங்கிலியில் தொங்கி, அடிவழியாக மெல்லத் தரை இறங்கியது. கரி படிந்து, ஆயில் கசிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. ரமாபாய் அதன் தலையில் கை வைத்தார். "நல்லா ஒயச்சடா. போய் தூங்கு" என்றார். பட்டம்மாள் தலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி அதன் மேல் வைத்தார். ஜீஷான் காத்திருந்தார். பிறகுதான் அதை ஓரமாக நகர்த்தினார்.

சாலமோனின் என்ஜின் மேலே ஏறி உட்கார்ந்தது. குழாய்கள், ஒயர்கள், கேபிள் எல்லாம் மாட்டியாயிற்று. ரமாபாய் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. இன்னொரு முறை. ம்ஹூம். ஷெட்டில் பேச்சு நின்றது. மகிழினி தன் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டதை ரமாபாய் கண்ணாடியில் பார்த்தார்.

ஜீஷான் மறுபடி அடியில் போனார். அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. "ஸாரி யக்கா. எர்த் ஒயர மாட்டல. இவங்கோ பேசிகினே இருந்தாங்களா, மறந்துகினேன்."

"பாரு, எங்க மேல பழிய போடறான்" என்றார் பட்டம்மாள்.

மூன்றாவது திருப்பலில் என்ஜின் எழுந்தது. பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக ஏறிக்கொண்டார்கள். காசிமேடு வரை ஒரு சுற்று. மேம்பாலத்தில் ஏறும்போது எல்லாரும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். வண்டி பேசாமல் ஏறியது. உச்சிக்குப் போன பிறகுதான் ஏறிவிட்டோம் என்றே தெரிந்தது. மகிழினிதான் முதலில் வாய் திறந்தாள், பட்டம்மாளிடம்: "ஆயா, ஏறிட்டோம்." அப்புறம் சிரிப்பு, காசிமேட்டில் படகுத்துறை மேடையில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, புது என்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றி வாங்கும்வரை ரமாபாய் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகவில்லை. அது முடிந்து, பழையபடி ஓட்டம் தொடங்கி, ஒரு வாரம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலே காத்திவாக்கத்துக்கு வண்டியை விட்டார். சாலமோன் வெள்ளை வேட்டியில், கையில் பைபிளோடு, ஆட்டோவுக்காக வாசலில் நின்றிருந்தார். சத்தத்தைக் கேட்டதும் அவர் தலை திரும்பியது. வண்டியைப் பார்க்கும் முன்னாலேயே சத்தத்தை அடையாளம் கண்டுவிட்டார்.

"கோயிலுக்குத்தான? ஏறுங்கண்ணே" என்றார் ரமாபாய்.

ஜெஸ்லின் பின்னால் ஏறினார். சாலமோன் முன்பக்கத்து இடக்கதவை நோக்கி நடந்தார். அதற்குள் ரமாபாய் என்ஜினை நிறுத்தாமலே கீழே இறங்கிவிட்டிருந்தார். டிரைவர் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, வண்டியை முன்பக்கமாகச் சுற்றிவந்து, சாலமோனுக்கு முன்னால் இடக்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கத்து சீட் பெல்ட் எங்கே தொங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. தடவித் தேடி எடுத்து, தூசியை ஊதிவிட்டு மாட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.