சுமார்தான் என்று சொன்ன புத்தகம்

எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு புத்தகத்தை யாராவது நல்லது என்று சொன்னால் அதற்கு இன்னும் சில நாள் ஆயுள் கிடைக்கும். சொல்லாவிட்டால் அது வெடிக்குள் போய்விடும்.

வெடிக்குக் குழாய் சுற்றத் தாள் வேண்டும். மதுரைப் பக்கமிருந்து பழைய தாள் லோடு லோடாக வந்து கம்பெனி முற்றத்தில் இறங்கும். பள்ளிக்கூட விடைத்தாள், போன வருஷத்துப் பஞ்சாங்கம், கோர்ட்டுக் காகிதம் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவே அட்டை போன கதைப் புத்தகங்களும் கிடக்கும். தாளைக் கிழித்து, பசை தடவி, இரும்புக் கம்பியில் சுற்றி உருவிக் காயப்போடுவது பெண்களின் வேலை. கூலி, சுற்றிய குழாய்க்கு ஏற்றபடி.

ஐம்பதுகளின் நடுவில் அங்கே ஒரு வழக்கம் உண்டானது. ஒவ்வொரு கொட்டகையிலும் எழுத்துத் தெரிந்த ஒருத்தி உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அவள் பங்கில் போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளை ரத்தினசாமி அதைத் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். தாள் கம்பெனிச் சொத்து. புத்தகம் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது, வாசித்து முடித்ததும் குழாயாக வேண்டும். அந்த நிபந்தனைக்குள்ளேயே பெண்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புத்தகம் முடிந்ததும் வாசித்தவளிடம் எப்படி என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னால் அது அடுத்த கொட்டகைக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. சுமார் என்று சொன்னால் அன்றைக்கே கிழித்துப் பசைத் தட்டில் வைத்துவிடுவார்கள்.

மூன்றாம் கொட்டகையில் வாசித்தவர் பொன்னுத்தங்கம். சபை உபதேசியார் மகள், எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவரை நல்ல வாசகி என்று சொல்ல நான் தயங்குவேன். நன்றாக உரக்கப் படிப்பவர், அவ்வளவுதான். தனக்குப் பிடிக்காத இடம் வந்தால் குரல் விரைந்து ஓடிவிடும். ஆனால் அழுகை வரும் இடத்தை எப்படி மெல்லத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் புருஷன் கல்யாணமான மறு வருஷமே இலங்கைக்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. பொன்னுத்தங்கம் தாலிச் சங்கிலியைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் புருஷன் பெயரைச் சொல்வதையும் விடவில்லை.

ஒரு சீசனில் அட்டையும் முதல் சில தாளும் இல்லாத நாவல் ஒன்று லோடில் வந்தது. பெயர் தெரியாததால் அதன் நாயகி பேரில் ‘சௌந்தரம் கதை’ என்று அழைத்தார்கள். புருஷன் அடி தாங்காமல் ஒரு மழை நாளில் வீட்டை விட்டு இறங்கும் பெண்ணைப் பற்றிய கதை.

கொட்டகையில் அதை வேறு யாரையும்விட உன்னிப்பாகக் கேட்டவள் பாலம்மாள். காரியாபட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். புருஷன் கையை முறித்ததால் புதுப்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. அதனால் அவள் சுற்றும் குழாய் ஒரு பக்கம் தளர்ந்துவிடும். அண்ணன் மனைவி சோறு போடும்போதெல்லாம் ஒரு வார்த்தையும் சேர்த்துப் போட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை புருஷன் ஊரிலிருந்து பெரிய மனுஷர்கள் அழைக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். போவதா இருப்பதா என்று அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் இரண்டு கதையும் ஒன்றாகவே நடந்தன.

“ஏட்டி பாலம்மா, கம்பியச் சுத்துதியா, காதச் சுத்துதியா?” என்றாள் குருவம்மாள். கொட்டகையில் வாய் நீளம் அவளுக்குத்தான். “சௌந்தரம் எங்கயும் ஓடிப்போயிர மாட்டா. பசை காயுது பாரு.”

“அவ போவாளா மதினி? நீங்க என்ன நெனைக்கீக?”

“நெனைக்கதுக்கு நான் என்ன புத்தகமா எழுதுனேன்? எனக்கு வாய்ச்சவன் அடிச்சான், நானும் ரெண்டு திருப்பிக் குடுத்தேன். அதை எவனும் கதையா எழுத மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாலம்மாள் சிரிக்கவில்லை. “நீங்க வாசிங்கக்கா” என்று பொன்னுத்தங்கத்திடம் சொன்னாள்.

அடுத்த பகுதியை மதியச் சோற்று வேளையில் ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்துக்கொள்வது பொன்னுத்தங்கத்தின் பழக்கம். வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பகுதியைப் படித்தார். புருஷன் வந்து கூப்பிடுகிறான். சௌந்தரம் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து வாசல் வரை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவள் தனியாகப் பிழைத்ததைச் சொல்லும் பக்கங்கள் கொஞ்சம் இருந்தன. பொன்னுத்தங்கம் அவற்றைக் கோபத்தோடு புரட்டினார். சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவன் பக்கமாகவே அவர் மனம் நின்றது. திரும்பி வருவது ஒன்றைத் தவிர வேறு நல்ல முடிவு உண்டென்று அந்த வயதில் அவரால் எண்ண முடியவில்லை. வருஷக்கணக்காக ஒருவர் திரும்பி வருவதற்குக் காத்திருப்பவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான். ஆனால் காத்திருந்தது அவர். போக வேண்டியிருந்தது இன்னொருத்தி.

சாயங்காலம் வாசித்தார். புருஷன் வந்து நிற்கும் இடம் வரை புத்தகத்தில் இருந்தபடியே போனார். அதன் பிறகு கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், விரலையும் வரி வரியாக நகர்த்திக்கொண்டே, இல்லாத ஒன்றைச் சொன்னார். சௌந்தரம் அழுதாள். அவனும் அழுதான். இருவரும் சேர்ந்து வண்டியேறினார்கள். அவன் பிறகு அவளை அடிக்கவேயில்லை.

பாலம்மாளின் கம்பி நின்றுவிட்டது. கொட்டகையில் பாதிப் பேர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

பக்கத்துக் கொட்டகையிலிருந்து அய்யம்மாள் அதற்குள் வந்து நின்றாள். “உங்க கதை முடிஞ்சிருச்சாமே? எங்ககிட்ட ஒண்ணுமில்ல. ஒரு சோசியப் புத்தகத்த வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம். எப்படிக்கா, நல்லாருக்கா?”

அய்யம்மாளின் கொட்டகையிலும் வாசிக்கத் தெரிந்தவள் இருந்தாள். புத்தகம் அங்கே போனால் திங்கட்கிழமைக்குள் உண்மையான முடிவு இந்தக் கொட்டகைக்கும் வந்துவிடும்.

“சுமார்தான்” என்றார் பொன்னுத்தங்கம்.

“சுமாரா?” குருவம்மாளுக்கே பொறுக்கவில்லை. “அம்புட்டுப் பேரும் மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கோம். சுமாருங்கீக?”

“இழுவையா இருக்கு. உங்களுக்குப் பிடிக்காது அய்யம்மா.”

வாசித்தவள் சொல்லே முடிவு. அய்யம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள். குருவம்மாள் புத்தகத்தின் முதுகைப் பிளந்து ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக் கொடுத்தாள். கடைசிப் பகுதியைப் பொன்னுத்தங்கம் தானே வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அது குழாயாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாலம்மாள் புருஷனோடு போனாள்.

ஒரு புத்தகத்தை இன்னொருவருக்குச் சொல்வதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம். நன்றாக இருக்கிறது, படித்துப் பார் என்கிறோம். கேட்பவர் அந்த நேரத்தில் எங்கே நின்றுகொண்டு கேட்கிறார் என்று பார்ப்பதில்லை. பொன்னுத்தங்கம் பார்த்தார். பார்த்துவிட்டே செய்தார். பின்னாளில் இதைப் பேசும்போது நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவரிடம் நான் மதிக்கும் ஒன்று அது.

பாலம்மாளின் அண்ணன் வழியாக அவ்வப்போது சேதி வந்தது. முதலில் பிள்ளை பிறந்த சேதி. பிறகு ஒரு தீபாவளிக்கு அவள் வராத சேதி. பிறகு, அறைந்ததில் ஒரு காது கேட்காமல் போய்விட்டது என்ற சேதி. அதைக் கேட்ட நாளிலிருந்து பொன்னுத்தங்கத்தால் வாசிக்க முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிக் கம்பியை எடுத்துக்கொண்டார். மூன்றாம் கொட்டகையில் வேறொருத்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கோயில் கொடை விழாவுக்காகக் கம்பெனி அடைத்திருந்த ஒரு நாளில், விருதுநகர் போய் அங்கிருந்து பஸ் மாறிக் காரியாபட்டி போனார். பாலம்மாள் ஊருக்கு வெளியே கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “வாங்கக்கா, என்ன இம்புட்டுத் தூரம்? சாப்பிட்டீகளா?” என்றவள், கேட்கிற காது இவர் பக்கம் வரும்படி இடம் மாறி நின்றாள்.

பொன்னுத்தங்கம் வந்த காரியத்தைச் சொன்னார். சௌந்தரம் திரும்பிப் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள், நான்தான் மாற்றி வாசித்தேன் என்றார்.

பாலம்மாள் பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை. திட்டுவாள், அழுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று வழியெல்லாம் தயாராகி வந்திருந்தவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

“பாலம்மா, ஏதாவது சொல்லு தாயி.”

“நான் இங்கனயும் அந்தக் கதைய எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்க்கா. நல்ல கதை, நல்ல முடிவுன்னு. போன வருசம் புருசங்கிட்ட அடிபட்டு வந்த எங்க தெருப் பிள்ள ஒண்ணு கேட்டுட்டுத் திரும்பிப் போச்சு.” ஒரு காயைப் பிரித்துப் பஞ்சை மடியில் போட்டாள். “அவ கதவச் சாத்துனாளே, அதுக்குப் பெறகு எப்படிப் பொழச்சா?”

பாலம்மாள் கேட்டுக்கொண்டே போனாள்.

“மொத மாசம் யார் வீட்டுல இருந்தா? என்ன வேலைக்குப் போனா? ஊருக்குள்ள பேசுனவுகளுக்கு என்ன சொன்னா? அதெல்லாம் போட்டிருந்துச்சா?”

போட்டிருந்தது. அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எரிச்சலோடு புரட்டித் தள்ளிய பக்கங்கள் அவைதான். ஒரு பள்ளிக்கூடம் வந்ததா, ஒரு கிழவி இடம் கொடுத்தாளா என்று துழாவிப் பார்த்தார். எது அந்தப் புத்தகத்தில் இருந்தது, எது வேறு புத்தகத்தில் இருந்தது என்று பிரிக்க முடியவில்லை. இவள் கேட்கும் முகத்தைப் பார்த்தபோது ஒரு வீடும் ஒரு வேலையும் நாக்கு நுனி வரை வந்தன. சொல்லியிருந்தால் பாலம்மாள் நம்பியிருப்பாள்.

“நெனவில்ல தாயி” என்றார். “சரியா வாசிக்கல.”

பாலம்மாள் மடியில் சேர்ந்திருந்த பருத்தியை வரப்பிலிருந்த சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த நிரையில் இறங்கினாள். பொன்னுத்தங்கமும் பக்கத்து நிரையில் இறங்கி, பஸ் வரும் நேரம் வரை அவளோடு பருத்தி எடுத்தார்.