வின்னிபெக் வரைக்கும்

டொரன்டோவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போன நானும் கணவரும், அங்கிருந்து வான்கூவரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ரயிலில் போவதென்று முடிவு செய்தோம். கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் ரயில். ஆசை என்னுடையது. ராஜா அண்ணாமலைபுரத்தில் அண்ணனோடு இருந்த அப்பாவிடம் போனில் சொன்னபோது சிரித்தார்.

"பிளேன்ல அஞ்சு மணி நேரமாமே. ரயில்ல நாலு நாள் உக்காந்து என்னம்மா பண்ணுவ?"

"வேடிக்கை பாப்பேன்பா."

"சரி, பாரு. காதை மூடிக்கோ, குளிரும்."

ரயில் கிளம்பிய மறுநாள் காலை, காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் நின்றது. அதுவரை போனில் சிக்னலே இல்லை. நடைமேடையில் இறங்கி நின்றபோது கோட்டுப் பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. அண்ணன் திரும்பத் திரும்ப அழைத்திருந்தான். கூப்பிட்டேன்.

"பாப்பா, அப்பா போயிட்டாரும்மா."

சாயங்காலம் நடந்துவிட்டு வந்து காபி கேட்டாராம். அண்ணி டம்ளரோடு வருவதற்குள் சோபாவில் தலை சாய்ந்துவிட்டதாம். அண்ணன் அழுதுகொண்டே சொன்னான். ஃப்ரீஸர் பாக்ஸை எங்கே வைப்பது என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "சோபாவை நகத்திடுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, மறுபடி என்னிடம் வந்தான்.

"நீ வர்ற வரைக்கும் வெச்சிருக்கலாமா? நீயே சொல்லு."

கணவர் ரயில் ஊழியரிடம் விசாரித்துவிட்டு வந்தார். விமானம் பிடிக்கக்கூடிய அடுத்த ஊர் வின்னிபெக், மறுநாள்தான் வரும். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் இரண்டு நாளாவது ஆகும். ஏறச் சொல்லிக் கையசைத்தார்கள்.

"வேணாண்ணா, எடுத்துடுங்க."

"நிஜமாவா?"

"அவரு பெட்டியில கிடக்க வேணாம்."

ஏறினேன். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விட்டது.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். கணவரும் காத்திருந்தார், கைக்குட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்திருந்தார். வரவில்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். சூப், ரொட்டி, உருளைக்கிழங்கு என்று வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மேசையில் படத்துண்டுகளைப் பரப்பி, பொருத்திக்கொண்டிருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். எனக்கு வந்தது வானம். எல்லாத் துண்டும் ஒரே நீலம். பொருந்தாததை அழுத்திப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அப்பா," என்றேன்.

கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெளியே ஏரி, காடு, மறுபடி ஏரி.

மறுநாள் காலை சிக்னல் திரும்பியபோது பெசன்ட் நகர் மயானத்தில் எல்லாம் முடிந்திருந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மாலைகளுக்கு நடுவே அப்பாவின் முகம் சின்னதாக இருந்தது. ஃப்ரீஸர் பெட்டியின் மேல் யாரோ மறந்துபோய் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வின்னிபெக்கில் எங்களை இறக்கிவிட்டு ரயில் மேற்கே போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது சோபா பழைய இடத்துக்கே வந்திருந்தது. உறவுக்காரர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "அழுதுடும்மா, மனசுக்குள்ள வெச்சிக்காத" என்றாள் பெரியம்மா. முயன்று பார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மொட்டைத் தலையோடு வேறு யாரோ போலிருந்தான்.

"ரயில் எப்படி இருந்துச்சு?"

"இப்ப எதுக்குண்ணா அது?"

"சொல்லேன். இங்க வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒண்ணையே சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சிடுச்சு."

சொன்னேன். காடு, ஏரி, சூப்பில் உப்பில்லாதது, அந்த நீலத் துண்டுகள். யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பது போலிருந்தது என் குரல். அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணா. பாதியிலயே இறங்கிட்டோமே."

அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்து போனோம்.